நீலச்சுடரின் சால்வை

ஜூன் 16, திங்கள்

காலை: இட்லி மூன்று. சட்னி கணக்கில் வராது.

தின்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிவையுங்கள், நீங்கள் பொய் சொன்னாலும் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னதால் இந்த டைரி. எங்கள் கழகத்துச் சேர்மன் பாண்டுரங்கன் தன் பிளைவுட் கடைப் பெயரைப் போட்டுப் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அவர் கைகூப்பி நிற்கிறார். நான் என்ன தின்றாலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

யாராவது பின்னால் படித்தால் தெரியட்டும் என்று என்னைப் பற்றி: குணசீலன், வயது ஐம்பத்தொன்று, முன்னாள் கோல்கீப்பர், இந்நாள் சர்க்கரை நோயாளி. வடசென்னை நீலச்சுடர் கால்பந்துக் கழகத்தின் உதவி மானேஜர். உதவி மானேஜர் என்றால் பந்துக்குக் காற்றடிப்பது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, பதினெட்டு ஜெர்சியை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி மரகதத்திடம் திட்டு வாங்குவது. விளையாடிய காலத்தில் எனக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மானேஜர் கிளமென்ட். என் நண்பன். இருபது வயதிலிருந்து ஒரே டம்ளரில் டீ குடித்தவர்கள்.

மாலை: பழம்பொரி ஒன்று. கிளமென்ட் வாங்கிக் கொடுத்தது. அவன் கணக்கு.

ஜூன் 29, ஞாயிறு

காலை: மரகதம் வஞ்சிர மீன் குழம்பு வைத்தாள். முதல் கிண்ணம் வழக்கம்போல கிளமென்ட்டுக்குப் போயிற்று. தலைத்துண்டு அதில்.

கிளமென்ட் கிளப்பின் மாடி அறையில்தான் குடியிருக்கிறான். ஸ்டெல்லா இறந்தபிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவன். ஒரு கட்டில், ஒரு சூட்கேஸ், சுவரில் ஸ்டெல்லா படம். அவ்வளவுதான் ஐம்பத்திரண்டு வருடத்துச் சம்பாத்தியம்.

ஒரு காலத்தில் எப்படி இருந்தவன்! இருபத்து நான்கு வயதில் மாநிலக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நடுமைதானத்திலிருந்து தனியாக ஓட்டிக்கொண்டுபோய் ஒரு கோல் போட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக் காத்தவன் நான். ஆனால் ஊர் அவனைத்தான் தோளில் தூக்கியது. நான் பின்னால் செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். கல்கத்தாவில் ஒரு சீசன் ஆடினான். இந்திய அணிப் பயிற்சி முகாமுக்குக் கடிதம் வந்தது. கிளம்புவதற்கு முந்தைய வாரம், நம்ம பசங்களோடு சும்மா ஒரு ஆட்டம் ஆடுகிறேன் என்று வந்தான். தனியாகப் பந்தோடு என்னை நோக்கி வந்தான். நான் பாய்ந்தேன். அவன் முட்டி போய்விட்டது.

பந்துக்குத்தான் பாய்ந்தேன். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.

அதன்பிறகு ஆடவில்லை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். மூன்றாவது டிவிஷனில் முக்கிக்கொண்டிருந்த நீலச்சுடரை ஆறே வருடத்தில் முதல் டிவிஷனுக்குக் கொண்டுவந்தான். இந்த வருடம் மட்டும் நேரம் சரியில்லை. கீழே விழும் வரிசையில் நிற்கிறோம்.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டுக்கு ஒன்று தோல்வி. துக்கத்துக்கு ஒரு ஜாங்கிரி. துக்கம் கணக்கில் வராது.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். சேர்மனோடு நட என்று சொல்லவில்லை. தனியாக நடந்தால் அலுப்பாக இருக்கிறதே! இன்று காலை அவர் கேட்டார்: "ஏன் குணசீலா, என் தங்கச்சி பையன் ரித்தீஷை இந்த கிளமென்ட்டு ஏன் எறக்கவே மாட்றான்?"

கிளமென்ட் என்னிடம் சொன்னது, "நல்ல பையன்தான், இன்னும் ஒரு வருஷம் பிராக்டிஸ் பண்ணட்டும்டா" என்று. அதை அப்படியே சொன்னால் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்கும். நான் சொல்லும்போது கொஞ்சம் ருசி சேர்ந்துவிட்டது. "பையனுக்கு ரெண்டு காலுமே இடது கால்தான், பிளைவுட் பலகைய நிக்க வெச்சாகூட இவனவிட நல்லா ஆடும்னு சொன்னான் சார். வெளையாட்டுக்குத்தான்."

சேர்மன் சிரிக்கவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை போட்டு.

ஜூலை 22, செவ்வாய்

சேர்மன் முடிவு செய்துவிட்டார். கிளமென்ட்டைப் பாராட்டப் போகிறோம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீலச்சுடரில் யாரையும் விலக்கியதாகச் சரித்திரம் இல்லை. சேர்மனின் அப்பா கழகத்தைத் தொடங்கியபோதே சொல்லிவிட்டாராம், 'நம்மகிட்டேருந்து ஒருத்தனும் அழுதுகினு போகக் கூடாது' என்று. அதனால் ஆகாதவனை மேடையேற்றிப் பாராட்டுவோம். பொன்னாடை தோளில் விழும். எல்லோரும் கைதட்டுவார்கள். அன்றோடு சரி. தோளில் விழுந்தால் விழுந்ததுதான். வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது, ஏன் என்று கேட்கவும் முடியாது. பாராட்டியவனிடம் எவன் சண்டைக்குப் போவான்? ஆட்டக்காரர்களும் வாயைத் திறக்க முடியாது; அவர்கள் கையைத் தட்டிவிட்டார்களே.

முன்னாள் மானேஜர் மைக்கேல்சாமிக்குப் போர்த்தியபோது அவர் ஆனந்தக் கண்ணீர் விட்டார். மறுநாள் காலை விசிலோடு பயிற்சிக்கு வந்து நின்றார். "நேத்துதான் வழியனுப்பி வெச்சோமே சார்" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குப் போர்த்திய கை யாருடையது என்றால், அன்றைய கேப்டன் கிளமென்ட்டுடையது. ஆகவே கிளமென்ட்டுக்கு நடைமுறை தெரியாது என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம்.

சேர்மன் சிக்கனக்காரர். ஒரே சால்வைதான். அரக்கு நிறம், ஜரிகைக் கரை. விழா முடிந்ததும் நான் பக்குவமாக வாங்கிவந்து, நாப்தலின் உருண்டை போட்டு கிளப் பீரோவில் வைத்துவிடுவேன். இன்று எடுத்துவந்து மரகதத்திடம் கொடுத்தேன், அலசி வை என்று.

"இது வீட்டுக்கு வந்தா யாரோ ஒருத்தர் போறாருன்னு அர்த்தம்" என்றாள். "இந்த தபா யாரு?"

"உனக்கு எதுக்கு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சால்வையைப் பார்த்தாள். "கிளமென்ட் அண்ணனா?" என்றாள்.

நான் பந்துக்குக் காற்றடிக்கப் போய்விட்டேன்.

இரவு: சப்பாத்தி இரண்டு. குழம்பில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்று விழாவில் காரியத்தை முடிப்பதாகத் திட்டம். ஆரஞ்சு மிட்டாய் நான்கு. சுதந்திரம் கணக்கில் வராது.

கிளமென்ட் மேடைக்குக் கீழே முன்வரிசையில் நின்றான். சேர்மன் மைக்கில், "நமது கழகத்தின் தூண்..." என்று ஆரம்பித்ததுமே அவன் காது விடைத்தது. மானேஜர்களில் எவனுக்கும் அந்தத் தூண் என்ற சொல் ஆகாது. நான் தாம்பாளத்தில் சால்வையைக் கொண்டுபோனேன். சேர்மன் விரித்துக்கொண்டு கீழே இறங்கி வருகிறார். கிளமென்ட் குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தான். சேர்மன் பருத்த உடம்பு, வந்த வேகத்தில் நிற்க முடியவில்லை. சால்வை அவனைத் தாண்டிப்போய், பின்னால் மைக்குக்குக் கரண்ட் இழுத்துக் கொடுக்க வந்திருந்த லைன்மேன் சகாயம் தோளில் விழுந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். சகாயம் அழுதுவிட்டார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் யாரும் தனக்கு ஒரு கைக்குட்டைகூடக் கொடுத்ததில்லை என்று மைக்கை வாங்கிப் பேசினார்.

கிளமென்ட் அன்று செருப்புதான் போட்டிருந்தான். லேஸ் ஏது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சால்வையைத் திருப்பி வாங்க சகாயம் வீட்டுக்குப் போனேன். சாமி படத்துக்குக் கீழே கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். பெயர் பொறிக்க வேண்டும் என்று சொல்லி வாங்கிவந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு தரம் போன் செய்துவிட்டார், பொறித்தாயிற்றா என்று.

அவர் வீட்டில் அதிரசம். இரண்டு. மறுத்தால் தப்பாக நினைப்பார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சேர்மனின் பேத்திக்குக் காதுகுத்து. இரண்டாவது முயற்சி. கிளமென்ட் வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, இரண்டு தோளிலும் பந்துப் பையை மாட்டிக்கொண்டு வந்தான். பந்தியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. சேர்மன் சால்வையோடு பின்னால் போய் நின்றபோது எச்சில் கையைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினான். "கை குழம்பு சார், சால்வை வீணாப்பூடும்."

"எந்திரிச்சு கழுவிட்டு வாய்யா."

"இன்னும் பாயசம் வரல சார்."

மூன்று பந்தி சாப்பிட்டான். மண்டபமே சிரித்தது. ஆட்டக்காரப் பசங்கள் வரிசையாக அவனுக்குப் பின்னால் தடுப்புச்சுவர் மாதிரி நின்றுகொண்டார்கள், ஃப்ரீ கிக்குக்கு நிற்பதுபோல.

சேர்மன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குணசீலா, நீயும் கமிட்டி மெம்பர்தானே? உன் கையால போட்டாலும் செல்லும். போட்டுட்டேன்னா அடுத்த மானேஜர் நீதான். அந்த மாடி ரூமை மட்டும் எனக்குக் குடோனுக்கு விட்டுடு."

நான் பதவிக்கு ஆசைப்படுபவன் அல்ல. யாராவது ஒருவர் பொறுப்பை ஏற்கத்தானே வேண்டும்.

பாயசம்: எண்ணவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

மீன் குழம்புக் கிண்ணத்தை நானே மாடிக்குக் கொண்டுபோனேன். கிளமென்ட் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். மழைக்கு முன்னால் வலிக்குமாம். வானிலை அறிக்கையைவிடச் சரியாக இருக்கும்.

"வாடா சல்லடை. அடுத்த ஞாயித்துக்கிழம கடேசி மேட்சு. ஜெயிச்சா முதல் டிவிஷன்லயே நின்னுடுவோம். நின்னுட்டோம்னா என்னைத் தொட முடியாது. ஜனங்க கேப்பாங்க."

"அது சரி."

"எனக்கு எங்கேயும் போக எடமில்லடா. கௌரவமெல்லாம் இல்ல. ஸ்டெல்லா போட்டோ மாட்ட ஒரு ஆணி இருக்கு இங்க, அதான்." சிரித்தான். "வேற ரூம் புடிக்கலாம்னு பார்த்தா, அட்வான்ஸ் கேக்கறவன் ஆணி அடிக்கக் கூடாதுங்கறான்."

நான் ஸ்டெல்லாவின் படத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுவரைக்கும் என் முதுகை நீ பாத்துக்கடா. எவன் சால்வையோட வந்தாலும் தடுக்கணும். நீதானே கோல்கீப்பரு?"

"நான் இருக்கேன்" என்றேன். இருப்பேன் என்பது உண்மைதானே.

மீனில் பாதியை என்னிடம் தள்ளினான். தலைத்துண்டு. சாப்பிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

சுண்ணாம்பு இரண்டு மூட்டை. வாழைப்பழம் மூன்று சீப்பு. ஐஸ் பெட்டி கழுவியாயிற்று. அடியில் பாலித்தீன் பையில் சால்வை.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. டாக்டர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

எதிரணி பேசின் ரோவர்ஸ். எழுபது நிமிடம் கோல் இல்லை. எங்கள் முன்கள ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் பிசகியது. கிளமென்ட் பெஞ்சைப் பார்த்தான். அங்கே மிச்சமிருந்தது ரித்தீஷ் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் அவன், "டேய் ரித்தீஷு, வா. பந்த பாக்காத, எடத்த பாரு. நான் சொல்ற எடத்துல நில்லு, போதும்" என்றான்.

கடைசி நிமிடத்தில் கார்னர். ரித்தீஷ் சொன்ன இடத்தில் நின்றான். பந்து அவன் முதுகில் பட்டு உள்ளே போயிற்று. அவனுக்கே தெரியாது, சுற்றுமுற்றும் பார்த்தான், யார் போட்டது என்று.

விசில் ஊதியதும் மொத்தச் சனமும் மைதானத்துக்குள். கிளமென்ட் முட்டியை மறந்து ஓடினான். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு அவன் ஓடிப் பார்க்கிறேன். நேராக என்னிடம் வந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டு, என் தோளில் முகத்தை வைத்து, "நின்னுட்டோம்டா, நின்னுட்டோம்டா" என்று அழுதான். கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

நான் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

அவன் முதுகுக்குப் பின்னால் சால்வையை எடுத்து உதறும்போது பந்தலில் சேர்மனைப் பார்த்தேன். மருமகன் கோல் போட்ட சந்தோஷத்தில் முகமெல்லாம் பல். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினார். தலையையும் ஆட்டினார். சீக்கிரம் போடு என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

போர்த்தினேன். சத்தமாகக் கைதட்டினேன். பக்கத்தில் நின்ற சனம் விவரம் தெரியாமல் தட்டியது. அதைப் பார்த்து ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் தட்டினார்கள், பிறகு கை அந்தரத்திலேயே நின்றது.

ஐஸ் பெட்டியில் கிடந்த சால்வை சில்லென்றிருந்திருக்கும். கிளமென்ட் கண்ணைத் திறந்தான். ஜரிகைக் கரையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தான். கோபப்படுவான், அடிப்பான் என்று நினைத்து ஒரு எட்டு பின்னால் வைத்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டான்:

"இப்பவும் பந்துக்குத்தான் பாஞ்சியாடா?"

என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. வெயிலில் நின்ற களைப்பு.

பிறகு சேர்மன் வந்தார். "யோவ், வேணாம் வேணாம்னு அங்கேருந்து ரெண்டு கையையும் ஆட்டறேன், பாக்கல?" என்றார். "பாத்தேன் சார்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் விழுந்தது விழுந்ததுதான். அவர் அப்பா போட்ட சட்டம்.

இரவு: லட்டு. ஜெயித்திருக்கிறோம்.

செப்டம்பர் 15, திங்கள்

கிளமென்ட் காலி செய்துவிட்டான். ஒரு சூட்கேஸ். விசிலையும் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டான். ஆணியையும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான், சுவரில் ஓட்டை. சின்னப் புத்தி.

சால்வையையும் கொண்டுபோய்விட்டான். அது கழகச் சொத்து. கேட்க நேரமில்லை.

மரகதம் தட்டைத் தரையில் நகர்த்தி வைத்தாள். சாம்பார் மட்டும் பரிமாறினாள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மானேஜர் என்பதால் எல்லா வீட்டிலிருந்தும் பலகாரம். பட்டியல் போட்டால் பக்கம் போதாது.

சேதி கேள்விப்பட்டீர்களா? கிளமென்ட் ஒரு டர்ஃபில் வாட்ச்மேன்! கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடுவார்களே, பச்சை நைலான் புல், சுற்றி வலை, அங்கே. வேலி தாண்டிப்போகும் பந்தை எடுத்துக்கொடுக்கிறான், நேரம் முடிந்தால் விசில் ஊதுகிறான், அவர்கள் ஷூவுக்குக் காவல் இருக்கிறான். கோப்பை வாங்கிக் கொடுத்த கால்! நடைப்பயிற்சி வழியில் எட்டிப்பார்த்தேன். ஒரு பையன், "அங்கிள், பால்" என்று கத்தினான். கிளமென்ட் சாக்கடை ஓரத்திலிருந்து பந்தைக் காலாலேயே தூக்கி அனுப்பினான். வலைக்கு மேலே போய், அந்தப் பையனின் கைக்குள் விழுந்தது. பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன். பிறகு விறுவிறுவென்று நடந்துவிட்டேன். கால் மரத்துப் போகிறது, சர்க்கரைதான்.

நவம்பர் 9, ஞாயிறு

ஐந்துக்குப் பூஜ்யம். போன வாரம் நான்கு. கோப்பைப் போட்டிகளில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஆட்டக்காரர்களில் ஆறு பேர் பயிற்சிக்கு வருவதில்லை. ரித்தீஷ் மட்டும் தவறாமல் வருகிறான், நான் சொல்லும் இடத்தில் நிற்கிறான். எந்த இடம் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

காலை நடையில் சேர்மன், "குணசீலா, நீ நம்ம கழகத்தோட தூண்யா" என்றார்.

பாசமாகத்தான் சொன்னார்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. மைதானத்தில் தண்ணீர், ஆட்டம் ரத்து. தோற்காத முதல் ஞாயிறு.

மதியம் மீன் குழம்பு. தலைத்துண்டு என் தட்டில் விழுந்தது, ரொம்ப நாளைக்கப்புறம். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது கதகதப்பாக இருந்தது. நாப்தலின் வாசனை. கண்ணைத் திறந்தால் கழுத்துவரை அரக்கு நிறம், ஜரிகைக் கரை.

துள்ளி எழுந்தேன். "இது எப்படி இங்க வந்துச்சு?"

மரகதம் வாசற்படியில் உட்கார்ந்து ஜெர்சிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். "நீங்க தூங்கும்போது கிளமென்ட் அண்ணன் வந்தாரு. கழகத்துப் பொருளு, தொவச்சி தேச்சிட்டேன்மா, அவன்கிட்ட குடுத்துடுன்னு சொன்னாரு. சாப்புடுங்கண்ணேன்னேன். டூட்டி இருக்குன்னு போயிட்டாரு."

"குடுக்கச் சொன்னா குடுக்க வேண்டியதுதானே? எதுக்குடி போத்தின?"

"குளுர்ல சுருண்டு படுத்திருந்தீங்க."

"அது என்னா சால்வைன்னு தெரியாதா உனக்கு?"

"எத்தினி வருஷமா நாந்தானே தொவைக்கறேன்" என்றாள். "தெரியாமயா?"

பிழிந்த ஜெர்சியை உதறி, ஒருமுறை, இரண்டுமுறை, கைதட்டுவது மாதிரியே சத்தம் வந்தது, கொடியில் போட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். மேடை இல்லை. மைக் இல்லை. சேர்மன் இல்லை. மரகதம் கமிட்டி மெம்பரும் இல்லை. வீட்டில் போர்த்தினால் கணக்கில் வராது.

நவம்பர் 17, திங்கள்

காலை: ஒன்றும் இறங்கவில்லை. சேர்மன் நடக்க வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

கிளப் வாசலில் ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றில் பாதி சுருண்டு கிடந்தது. மேலே சேர்மன் கைகூப்பி நிற்கிறார். கீழே யாருடையதோ நெற்றியும் மூக்கும் மட்டும் தெரிந்தது. யாருக்கு என்று கட்டுகிறவனைக் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், ஃபிளெக்ஸைப் பார்த்தான், ஏணியை விட்டு இறங்கி, "வணக்கம் சார்" என்றான்.

மரியாதை தெரிந்த பையன். மழை வலுக்கிறது, நான் லைன்மேன் சகாயத்துக்கு ஒரு போன் செய்ய வேண்டும், இன்றைக்கே வந்து சால்வையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி. அதில் அவர் பெயரைப் பொறித்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன்.